பவர் மெஷினுக்கு உள்ளே ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம்!

முதலில் இந்த ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாதவரை எனக்கு இருப்புக்கொள்ளாது. நிமிடத்துக்கு 5,000 தையல் என்ற வேகத்தில் ஒரு பவர் மெஷினை, அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினை, ஓட்டுங்கள். ஊசி நொடிக்கு 83 முறை கீழே போய்த் திரும்புகிறது. அப்படி அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பும் அந்தக் கணத்தில், ஊசியைப் பிடித்திருக்கும் தண்டின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 590 மடங்கு! ராக்கெட்டில் போகிறவர்கள் தாங்குவது நான்கைந்து மடங்குதான். இங்கே ஒரு பூப்போட்ட நைட்டிக்குக் கை சேர்க்கிற நேரத்தில், யாருக்கும் தெரியாமல், 590 மடங்கு நடந்துகொண்டிருக்கிறது.

நடக்கிற இடம் தளவாய்புரம். இராஜபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர். தமிழ்நாட்டில் நைட்டி என்றால் ஜவுளிக்காரர்கள் சொல்லும் பெயர்களில் தளவாய்புரம் கட்டாயம் இருக்கும். இங்கே தெருவுக்குத் தெரு மெஷின் சத்தம். கட்டிங் மேசையில் துணி அடுக்கடுக்காக விரிகிறது, ஓவர்லாக் ஓடுகிறது, பீஸ் கட்டுகள் கைமாறுகின்றன. பக்கத்திலேயே 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் முதலாக எத்தனையோ நூற்பாலைகள். சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகள். பஞ்சிலிருந்து நூல், நூலிலிருந்து துணி, துணியிலிருந்து உடுப்பு என்று எல்லாமே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கிற பகுதி இது. இயந்திரவியல் படிக்க இதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

அந்த 590-ஐ எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் நான் எடுக்கவில்லை. ஃப்ரீகேட் என்ற மென்பொருளில் மெஷினின் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாக வரைந்து, இணைத்து, சுழற்றிப் பார்த்தபோது கைக்குக் கிடைத்தது. கணினியில் வரைந்து வடிவமைக்க உதவும் கேட் (CAD) மென்பொருளில் ஓர் இயக்க அமைப்பை வடிவமைக்கவும் ஓட்டிப் பார்க்கவும் கற்றுக்கொள்ளும் எல்லோரும் தொடங்குவது பிஸ்டனிலோ ஜீப் வைப்பரிலோதான். நான் தையல் மெஷினைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் திரைமறைவுக் காட்சியைத்தான் உங்களுக்குக் காட்டப்போகிறேன். வாருங்கள்.

ஊசிக்கு இடப்பக்கம், மெஷின் தலையின் ஓரத்தில் ஒரு தகட்டு மூடி இருக்கும். திருகுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். உள்ளே எண்ணெய் மினுங்க ஒரு குட்டி உலகம்! மேலே ஓடும் முதன்மைத் தண்டின் நுனியில் ஒரு கிராங்க். அதன் எதிர்ப்பக்கம் கனமான எதிர்எடை. கிராங்க் முனையிலிருந்து கீழே இறங்கும் இணைப்புத் தண்டு ஊசித்தண்டை மேலும் கீழும் ஆட்டுகிறது. அதே கிராங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வளைந்த கம்பி வெளியே எட்டிப்பார்க்கிறது. அதன் துளையில்தான் நூல் கோர்ப்போம். டேக்-அப் லீவர். உள்ளங்கை மறைக்கிற இடத்தில் இரண்டு இயந்திர அமைப்புகள் ஒன்றை ஒன்று இடிக்காமல் ஓடுகின்றன.

"கரண்ட்டுல ஓட்டிப் பாத்தா என்ன தெரியும்? சக்கரத்தைக் கையால திருப்புங்க தம்பி," என்றார் மெஷின் பழுது பார்க்கிற அண்ணாச்சி. திருப்பினேன். ஊசி இறங்கியது. லீவர் இறங்கியது. ஊசி ஏறத் தொடங்கிய பிறகும் லீவர் இறங்கிக்கொண்டே இருந்தது! பிறகு, வெடுக்கென்று மேலே பாய்ந்தது. ஒரே தண்டிலிருந்து புறப்பட்ட இரண்டும் ஏன் ஒரே தாளத்தில் போகவில்லை? இந்தக் கேள்விதான் என்னைக் கணினி முன்னால் உட்கார வைத்தது.

கேட் கற்றுக்கொள்கிறவர்கள் உடனே முப்பரிமாணத்தில் இறங்கிவிடுவார்கள். வட்டம் போட்டு, அதைத் தடிப்பாக்கி, ஓட்டை போட்டு, பளபளப்பான உறுப்பு ஒன்றைச் செய்து முடித்த பிறகுதான் அது எதனோடு இணையும் என்று யோசிப்பார்கள். அது வேண்டாம். முதலில் எலும்புக்கூடு. நான்கு கோடு போதும்: கிராங்க் ஒன்று, அதோடு இணையும் தண்டு ஒன்று, ஆடும் கை ஒன்று, அசையாத சட்டம் ஒன்று. டேக்-அப் லீவரின் சாரமே இந்த நாலு கோடுதான். பாடத்தில் இதற்கு நான்கு தண்டு அமைப்பு என்று பெயர். நூல் கோர்க்கும் துளை, இரண்டாவது தண்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புள்ளி.

ஃப்ரீகேட்டில் ஸ்கெட்ச் போடும்போது எல்லா நீளமும் கோணமும் நிலைத்துவிட்டால் கோடுகள் பச்சையாக மாறும். வகுப்பில் நமக்குச் சொல்லித்தருவது, "எல்லாம் பச்சையாகும்வரை விடாதே." இங்கே அது தலைகீழ்! எல்லாம் பச்சையானால் மெஷின் செத்தது. நமக்கு வேண்டியது ஒரே ஒரு சுதந்திரம் மிச்சம் இருப்பது. நான்கு கோட்டுக்கும் நீளம் கொடுத்து, சட்டத்தை மட்டும் நிலைநிறுத்திவிட்டுப் பக்கத்துப் பட்டியைப் பார்த்தால், இன்னும் ஒரு சுதந்திர நிலை பாக்கி இருக்கிறது என்று காட்டும். தாளில் கணக்குப் போட்டாலும் அதே விடைதான். அசையும் உறுப்பு மூன்று, ஒவ்வொன்றுக்கும் தளத்தில் மூன்று சுதந்திரம்: ஒன்பது. நான்கு கீல்கள் ஆளுக்கு இரண்டைப் பறிக்கின்றன: எட்டு. மீதி ஒன்று. அந்த ஒன்றுதான் மோட்டாருக்கு உரியது. கல்லூரியில் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள், மவுஸால் கிராங்கைப் பிடித்து இழுத்து, மற்ற மூன்றும் கூடவே ஆடுவதைப் பார்க்கும் அந்த நொடியை அனுபவித்தே ஆக வேண்டும். எனக்குக் கை நடுங்கியது, நிஜமாக.

அடுத்த வேடிக்கை, நீளங்களை மாற்றுவது. கிராங்க் 10 மி.மீ., இணைக்கும் தண்டு 24, ஆடும் கை 22, சட்டம் 26 என்று கொடுத்துச் சுற்றினால் வழவழவென்று முழு வட்டம் அடிக்கிறது. சட்டத்தை மட்டும் 40 ஆக்குங்கள். கிராங்க் பாதியில் நின்றுவிடும். எவ்வளவு இழுத்தாலும் தாண்டாது. காரணம் எளிது. கிராங்க் எதிர்ப்பக்கம் நீட்டும்போது இரு முனைகளுக்கும் நடுவே 50 மி.மீ. தூரம். எட்டிப்பிடிக்க வேண்டிய இரண்டு தண்டுகளும் சேர்ந்தே 46 தான். நான்கு மி.மீ. போதவில்லை! மிகச் சிறியதும் மிகப் பெரியதும் கூடிய நீளம், மற்ற இரண்டின் கூடுதலைத் தாண்டக் கூடாது என்பது ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரான்ஸ் கிராஷாஃப் 1883-இல் சொன்ன விதி. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. திரையில் பார்த்தால், விதியை யாரும் சொல்லித்தரவே வேண்டாம், நாமே கண்டுபிடித்துவிடுவோம்.

நூல் துளையின் பாதை எப்படிப் போகிறது? புள்ளியை ஒவ்வொரு கோணத்திலும் குறித்துக்கொண்டே வந்தால் ஒரு கோணல் வளைவு எழுகிறது: ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் சுருங்கி. கிராங்க் சீரான வேகத்தில்தான் சுழல்கிறது. ஆனால் இந்த வளைவில் புள்ளிகள் இறங்கும் பக்கம் நெருக்கமாகவும் ஏறும் பக்கம் அகன்றும் விழுகின்றன. நெருக்கம் என்றால் மெதுவு, அகலம் என்றால் வேகம். மெல்ல இறங்கி வெடுக்கென ஏறியதன் ரகசியம் இதோ! கணினி வருவதற்கு முன் இப்படி ஒரு வளைவு வேண்டுமென்றால் பொறியாளர்கள் புத்தகத்தில் தேட வேண்டும். 1951-இல் அமெரிக்காவில் ஹ்ரோன்ஸ், நெல்சன் என்ற இருவர், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வளைவுகளை வரைந்து ஒரு தடித்த தொகுப்பாகவே போட்டார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டி, நமக்குத் தோதானதைப் பொறுக்க வேண்டும். பன்னிரண்டே ஆண்டுகளில், 1963-இல், எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைக் காட்டினார். கோட்டுக்கு நிபந்தனை போடலாம், பிடித்து இழுத்தால் நிபந்தனை குலையாமல் படமே தன்னைத் திருத்திக்கொள்ளும். இன்று நாம் மவுஸால் செய்யும் வித்தையின் மூதாதை அதுதான்.

மவுஸை மிக வேகமாக இழுத்தால் ஒரு விசித்திரம் நடக்கும். ஆடும் கை சட்டென்று மறுபக்கம் புரண்டு, கண்ணாடியில் பார்த்ததுபோல நிற்கும். பயப்பட வேண்டாம். அதே நான்கு நீளத்தை இரண்டு விதமாகப் பூட்டலாம். நிரலுக்கு இரண்டும் சரியான விடைதான். நிஜ மெஷினில் இது நடக்க வேண்டுமென்றால் கீலைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். ஆகவே சின்னச் சின்னக் கோணமாக நகர்த்திப் பழகுங்கள்.

இப்போது அந்த 590-க்கு வருவோம். ஊசித்தண்டு எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகிறது என்பதை வெர்னியரில் அளக்கலாம். உலகம் முழுக்கத் தையல் கூடங்களில் ஓடும் ஜூகி டிடிஎல்-8700 மாடலுக்கு அந்தத் தூரம் 30.7 மி.மீ. என்று அதன் கையேடே சொல்கிறது; உச்ச வேகம் நிமிடத்துக்கு 5,500 தையல். ஊசித்தண்டு போகும் தூரத்தில் பாதி, 15.35 மி.மீ., கிராங்கின் ஆரம். கிராங்கை நேராக அளக்க முயன்றால் விரல்கூட நுழையாது. இப்படிச் சுற்றி வளைத்துப் பிடிப்பதுதான் சுகம். இணைப்புத் தண்டை என் மாதிரியில் 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். கோணம் கோணமாகத் திருப்பி, ஊசி நிற்கும் உயரத்தை அட்டவணையில் போட்டேன். அடுத்தடுத்த உயரங்களின் வித்தியாசம் வேகத்தைத் தரும். வேகங்களின் வித்தியாசம் முடுக்கத்தைத் தரும்.

வரைபடம் எழுந்ததும் நாற்காலியிலிருந்து நானும் எழுந்துவிட்டேன். மேலே ஊசி திரும்பும் இடத்தில் முடுக்கம் புவியீர்ப்பைப் போல சுமார் 260 மடங்கு. கீழே திரும்பும் இடத்தில் 590! ஒரே கிராங்க், ஒரே வேகம், இரு முனையிலும் இரு மடங்குக்கு மேல் வித்தியாசம். இணைப்புத் தண்டின் சாய்வு செய்யும் வேலை அது. மேலே ஊசி சற்று நிதானித்துத் திரும்புகிறது, கீழே சுளீரென்று திரும்புகிறது. நடுவழியில் வேகம் நொடிக்கு 8.6 மீட்டர், அதாவது மணிக்கு 31 கிலோமீட்டர். மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்று, அந்த வேகத்தைத் தொட்டு, மறுபடி நிற்கிறது! கிராங்கின் எதிர்ப்பக்கம் அந்த எதிர்எடை எதற்கு என்று இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேலே நடப்பது பாதிக்கூத்துதான். மெஷின் தலையைப் பின்னால் சாய்த்தால் அடியில் மீதி. அடிநூல் இருக்கும் பாபின் கேஸைச் சுற்றி ஓடும் ஹூக், ஊசியைவிட இரண்டு மடங்கு வேகம்: 5,000 தையலுக்கு 10,000 சுற்று. பல மாடல்களில் பெவல் பல்சக்கரங்கள் இதைச் செய்கின்றன, சிலவற்றில் டைமிங் பெல்ட். ஒரு சுற்றில் ஹூக்கின் மூக்கு நூல் வளையத்தைக் கவ்விப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. அதற்கு வேண்டிய நூலை விட்டுக்கொடுக்கத்தான் டேக்-அப் லீவர் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது! வளையம் பாபினைத் தாண்டியதும் லீவர் வெடுக்கென ஏறி மிச்ச நூலைச் சுண்டி இழுக்கிறது, தையல் இறுகுகிறது. ஒரு தையலுக்கான இரண்டாவது சுற்றில் ஹூக்குக்கு வேலை இல்லை, சும்மா சுற்றுகிறது.

ஹூக் வளையத்தைக் கவ்வும் அந்தக் கணத்தைப் பற்றி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"ஊசி அடியில போய்த் தொட்டுட்டு, கொஞ்சூண்டு மேல வரணும் தம்பி. அப்பதான் நூல் தொப்பை போடும். அந்த நேரத்துக்கு ஹூக்கு மூக்கு ஊசி நடுவுல வந்து நிக்கணும். பிசகுச்சுன்னா தையல் விட்டு விட்டு விழும், இல்லைன்னா நூல் அந்துரும்."

"எவ்வளவு மேல வரணும் அண்ணாச்சி?"

"அதுக்குத்தான் தண்டுலேயே கோடு போட்டிருக்கான், பாருங்க."

இருந்தது! ஊசித்தண்டில் நகக்கீறல் போல மெல்லிய கோடுகள். ஒன்று ஊசியின் உயரத்தை வைக்க, அடுத்தது ஹூக்கைச் சந்திக்கும் இடத்தைக் காட்ட. ஏறக்குறைய 2.2 மி.மீ. ஏற்றம். என் மாதிரியில் அதைப் போட்டேன். கிராங்க் அடிமட்டத்திலிருந்து 26 டிகிரிக்குச் சற்று மேல் திரும்பும்போது ஊசி அந்த உயரத்துக்கு வருகிறது. அதற்குள் ஹூக் 53 டிகிரி சுழன்றுவிடுகிறது. 5,000 தையல் வேகத்தில் இதற்கு ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊசிக்கும் ஹூக் மூக்குக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியோ 0.04 முதல் 0.1 மி.மீ. வரைதான், ஒரு தலைமுடிக் கனம். அண்ணாச்சி இதைக் கண்ணாலும் விரல் நுனியாலும் வைக்கிறார். அவர் கைக்குள் இருக்கும் கணக்கைத் திரையில் பார்த்தபோது அவர்மேல் எனக்கு வந்த மரியாதைக்கு அளவே இல்லை.

ஊசி இறங்கும் தொண்டைத் தகட்டுக்கு அடியில் துணியை நகர்த்தும் பல் இருக்கிறதே, அது தனிக் கதை. ஏறு, முன்னே போ, இறங்கு, பின்னே வா: நாலு அசைவு. இதையும் சுழலும் ஹூக்கையும் கொடுத்தவர் ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர், 1850-களின் தொடக்கத்தில். எலியஸ் ஹோவ் 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் காப்புரிமை வாங்கிய அதே காலம். இந்த அசைவுக்கு மையம் விலகிய இரண்டு சக்கரங்கள், ஒன்று தூக்குவதற்கு, ஒன்று தள்ளுவதற்கு. இரண்டும் கூடினால் பல்லின் பாதை ஒரு நீள்வட்டமாகிறது. தையல் நீளத்தை மாற்றுகிற குமிழைத் திருகினால் அந்த நீள்வட்டம் நீள்கிறது, சுருங்குகிறது. ஊசி துணிக்கு வெளியே இருக்கும்போதுதான் பல் தள்ள வேண்டும் என்பது நிபந்தனை. ஊசியின் வளைவையும் பல்லின் வளைவையும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எங்கே இடிக்கும் என்று உடனே தெரிந்துவிடும்.

எலும்புக்கூடு சரியாக ஓடிய பிறகு முப்பரிமாணத்துக்குப் போகலாம். ஃப்ரீகேட்டின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தபோது உறுப்புகளை இணைக்கும் அசெம்பிளி வசதி அதிலேயே சேர்ந்து வந்துவிட்டது. கீல், சறுக்கு, பல்சக்கரம் என்று இணைப்பு வகைகள் உண்டு. இங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அதே நான்கு தண்டை முப்பரிமாணக் கணக்கில் போட்டால், மூன்று உறுப்புக்கு ஆறு ஆறாகப் பதினெட்டு சுதந்திரம், நான்கு கீலுக்கு ஐந்து ஐந்தாக இருபது தடை. விடை கழித்தல் இரண்டு! கணக்குப்படி இது அசையவே கூடாது. ஆனாலும் அசைகிறது. எல்லாக் கீலின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் மட்டுமே அசைகிறது. தண்டைத் தாங்கும் ஒரு புஷ் லேசாகச் சாய்ந்தால் போதும், மெஷின் இறுகிவிடும். "மெஷின் டைட்டா ஓடுது" என்று டெய்லர் அக்கா சொல்லும்போது பல நேரம் இந்தக் கழித்தல் இரண்டுதான் பேசுகிறது.

ஒன்றை மட்டும் இந்த மாதிரி காட்டாது: நூல். இதன் உறுப்புகள் வளையாதவை. நூலோ வளைவதற்கென்றே பிறந்தது. அது முறுகும், இழுபடும், உராயும், சூடேறும். ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஊசியும் ஹூக்கும் ஒவ்வொரு கோணத்திலும் கேட்கும் நூல் எவ்வளவு, டேக்-அப் லீவர் கொடுக்கும் நூல் எவ்வளவு என்று இரண்டு வளைவாக வரைந்து பார்க்கலாம். கொடுப்பது குறைந்தால் நூல் அறும், மிஞ்சினால் அடியில் சிக்கு விழும். மெஷின் வடிவமைப்பவர்களின் மூளை வேலை முழுவதும் இந்த இரண்டு வளைவுக்கு நடுவில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் இப்போது அங்கேதான் குடியிருக்கிறேன்.

கற்றுக்கொள்ள என்ன வேண்டும்? ஃப்ரீகேட் முழுக்க இலவசம். தில்லி ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து உருவான மெக்அனலைசர் என்ற நிரலும் இலவசம். நான்கு தண்டு அமைப்பை ஆட்டி, வேகமும் முடுக்கமும் வரைபடமாகப் பார்க்க அதைவிட எளிது வேறில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த அசோக் குமார் மல்லிக்கின் இயந்திர இயக்கவியல் வகுப்புகள் என்.பி.டி.இ.எல்.-இல் கிடக்கின்றன; பொறுமையாகக் கேட்டால் தண்டுகள் கனவில் வந்து ஆடும். கணினி இல்லாவிட்டால் பழைய காலண்டர் அட்டையை நான்கு பட்டையாக வெட்டி, குண்டூசி குத்தி ஆட்டிப் பாருங்கள். கிராஷாஃப் அங்கேயும் பொய் சொல்ல மாட்டார்.

கடைசியாக, இயந்திரவியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தொடங்கிய கலசலிங்கம் இருக்கிறது. இராஜபாளையத்தில் 2013-இல் வந்த ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தளவாய்புரம் இரண்டுக்கும் எட்டும் தூரம்தான். இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது யாரோ செய்து வைத்த பழைய தலைப்பைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஒரு தையல் கூடத்துக்குப் போய், எந்த மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது என்று அங்கே தைக்கிற அக்காவிடம் கேளுங்கள். வெர்னியரை எடுத்துக்கொண்டு போங்கள். அளந்து, வரைந்து, ஓட்டிப் பாருங்கள். கிடைத்த வரைபடத்தை முதலில் அந்த அக்காவிடமும் மெக்கானிக் அண்ணாச்சியிடமும் காட்டுங்கள், பிறகு பேராசிரியரிடம் காட்டலாம்.